மீன் செத்து மிதக்கவில்லை, குஞ்சு எங்கே போனது?

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வயலுக்கு மருந்து அடித்த மறுநாள் வாய்க்காலில் ஒரு மீன்கூடச் செத்து மிதப்பதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் அயிரையும் கெண்டையும் குறைகின்றன. எப்படி?"

தண்ணீர் வற்றுவது, கரை சிமென்ட் ஆவது என்று காரணம் பல இருக்கும். நான் சொல்ல வருவது முட்டைக்குள் நடப்பதை.

ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுவது ஜீப்ரா மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழும் நம் ஊர் மீன்தான். முட்டை கண்ணாடி போலிருக்கும். கருவுற்றுச் சுமார் 17 மணி நேரத்தில் உள்ளே கடுகளவு கரு வாலைச் சுண்டும். ஒரு நாளில் இதயம் துடிக்கும். நுண்ணோக்கியில் முதல்முறை அந்தச் சுண்டலைப் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அந்த ஒரு சுண்டலுக்கு நரம்பு, தசையின் வாசலில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை ஊற்ற வேண்டும். மடை திறந்த மாதிரி. திறந்த மடையை உடனே அடைத்தால்தான் தசை தளரும், அடுத்த சுண்டலுக்குத் தயாராகும். அடைக்கிற ஆள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஒரே மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை வெட்டிப் போடும்.

இப்போது குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி வருகிறது. வந்த உருவத்தில் அதற்கு வீரியம் குறைவு. மீனின் உடம்பே அதிலிருக்கும் ஒரு கந்தக அணுவை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கிறது; அப்போதுதான் அது முழு நஞ்சாகிறது. நொதியின் வெட்டும் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நஞ்சு நேராகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். நேரம் போகப் போக அந்த ஒட்டு இறுகும். பிறகு பிரியவே பிரியாது, உடம்பு புது நொதி செய்தாக வேண்டும். மனிதருக்கு இதே வேலையை ஓரளவு செய்யும் இரண்டாவது நொதி ஒன்று உண்டு. ஜீப்ரா மீனுக்கு அதற்கான மரபணுவே இல்லை. மரபணுப் பிழையால் அசிட்டைல்கோலினெஸ்டரேஸே இல்லாத ஜீப்ரா மீன் குஞ்சுகளை 2002இல் ஆராய்ந்தார்கள்: முதலில் அசைந்தவை பிறகு முடங்கின, தசை நார்கள் சிதைந்தன.

கொஞ்சமாக மருந்து பட்டால் குஞ்சு சாவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லெவின் குழு முதல் சில நாள்கள் மட்டும் குளோர்பைரிபாஸ் கொடுத்தது. அந்த மீன்கள் வளர்ந்த பிறகும் இடம் கற்பதில் தடுமாறின.

உலகெங்கும் வழக்கத்தில் உள்ள மீன் கருச் சோதனை 96 மணி நேரம்தான், எண்ணுவது சாவை. எனக்கு இதில் கோபமே உண்டு. அயிரையையும் விராலையும் முட்டையிலிருந்து வளர்ந்து பெரிதாகும்வரை பின்தொடரும் ஆய்வுகளுக்கு நம் அரசு பணம் ஒதுக்க வேண்டும். நஞ்சை "மருந்து" என்றே சொல்லிப் பழகியதும் நம்மை ஏமாற்றுகிறது.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். வாய்க்காலில் தட்டானின் இளம்புழு பாய்ந்து பிடிக்க வரும்போது நல்ல குஞ்சு கணத்தில் வளைந்து தப்பிவிடும். நஞ்சு பட்டுத் தடுமாறும் குஞ்சுக்கு அந்தச் சுண்டல் கொஞ்சம் பிந்தலாம். புழு தின்ற குஞ்சு எங்கே மிதக்கும்?