சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பாட்டுக் கேட்பதற்கென்றே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. முதலில் முட்டை அட்டை ஒட்டினேன். அப்புறம் ஒரு அங்குல ஃபோம். இப்போது பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது, பேஸ் மட்டும் முன்பு போலவே குமுறுகிறது. ரயில் சத்தமும் குறையவில்லை. ஒலி உறிஞ்சும் பனலில் எதை வாங்கலாம்?"

முட்டை அட்டையைக் கழற்றிவிடுங்கள். அது வெறும் கடதாசிக் கூழ். அதன் குழிகளை நம்புவதற்கும், கண்ணூறு படாமலிருக்க வாசலில் பூசணிக்காய் கட்டுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஃபோம், ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), தும்பு எல்லாம் ஒரே விதமாகத்தான் ஒலியை விழுங்குகின்றன. ஒலி என்பது காற்றின் முன்பின் அசைவு. அந்தக் காற்று நுண்துளைகளுக்குள் நுழைந்து உரசும்போது ஆற்றல் வெப்பமாகிறது. பனல் சூடாகுமோ என்று பயப்பட வேண்டாம்: சாதாரணப் பேச்சின் ஒலித்திறன் ஏறத்தாழ ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் அசைந்தால்தானே உரசல்? காற்று எங்கே நன்றாக அசைகிறது?

ஆடிவேல் கூட்டத்தில் சுவரோரம் அகப்பட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் முழுக்க அவர் மேல், அவரால் ஓர் அங்குலம் நகர முடியாது. சுவரில் மோதும் ஒலிக்கும் இதே கதிதான். சுவரை ஒட்டிய காற்றில் அழுத்தம் உச்சம், அசைவு பூச்சியம். அங்கிருந்து அலைநீளத்தின் கால் பங்கு தள்ளி வந்தால் அசைவு உச்சத்தைத் தொடுகிறது. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் ஓடுகிறது. அப்படியானால் 3,500 ஹெர்ட்ஸ் உச்ச ஒலிக்கு அந்தக் கால் பங்கு 2.5 சென்ரிமீற்றர், 1,000 ஹெர்ட்ஸுக்கு 8.7, 100 ஹெர்ட்ஸ் பேஸுக்கோ 87!

உங்கள் ஒரு அங்குல ஃபோம் என்ன செய்தது என்று இப்போது தெரியும். உச்ச சுருதிகளைத் தின்றுவிட்டு பேஸைத் தொடாமலே விட்டிருக்கிறது.

ஆகவே தடிப்புத்தான் முக்கியம். அதைவிட மலிவான வழி இடைவெளி: 10 சென்ரிமீற்றர் ராக்வூல் பனலைச் சுவரிலிருந்து இன்னொரு 10 தள்ளி மாட்டினால், அதே பொருள் இன்னும் தாழ்ந்த ஒலிகளைப் பிடிக்கும். நம் ஈரக் காற்றில் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காமலும் இருக்கும். பேஸுக்கு அறை மூலைகளில் இன்னும் தடிப்பாக வையுங்கள். பக்கச் சுவரில் எங்கே என்றால், நீங்கள் கதிரையில் இருக்க, ஒருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் இடம்.

பனலைப் போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். மூச்சுத் தாராளமாகப் போக வேண்டும். நான் என் முதல் பனலுக்கு, சோபா தைத்து மிஞ்சிய றெக்சினைப் போட்டேன். பார்க்க அழகு. கைதட்டினால் 'டங்' என்று திரும்பி வந்தது.

பொதி கட்டும் ஃபோம் மட்டும் வேண்டாம், பற்றிக்கொள்ளும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் இரவு விடுதித் தீ அப்படிப்பட்ட ஃபோமில்தான் பரவியது. 100 பேர் இறந்தார்கள்.

தும்புக்கு இவ்வளவு பேர்போன நாட்டில், தும்புப் பலகை எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உறிஞ்சும் என்று அளந்து லேபலில் அச்சிட யாராவது காசு போடலாம். அப்படியொரு லேபலை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

ரயிலா? பனல் அறைக்குள் எதிரொலிப்பதைத்தான் குறைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அதற்கு யன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும். அடைத்தால் ஏசி வேண்டும், ஏசிக்கும் சத்தம் உண்டு. நான் ரயில் போகும்வரை பாட்டை நிறுத்தி வைக்கிறேன்.