லாரி நிற்கும்போது எந்த பேட்டரி முதலில் போகிறது?

மாதவரம், மணலி பக்கமிருந்து வரும் லாரி உரிமையாளர்கள் பலர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "ஒரு மாசம்தான் வண்டி நின்னுச்சு, ரெண்டு பேட்டரியும் போயிடுச்சு." மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று 12.5 வோல்ட் காட்டும், மற்றது 11-க்கும் கீழே இருக்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரீஸில் கட்டித்தான் 24 வோல்ட் எடுக்கிறோம். அதனால் ஒன்று படுத்தாலும் செல்ஃப் மோட்டார் சுற்றாது. உடனே இரண்டையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

எஃப்சி வேலையோ, லோடு இல்லாத மாதமோ, பொங்கலுக்கு டிரைவர் ஊருக்குப் போனதோ, எதற்காக நின்றாலும் கரன்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலே தானாகக் கொஞ்சம் இறங்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் ஏறும்; ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு. இதற்கு மேல் ஜிபிஎஸ், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கடிகாரம் எல்லாம் உண்டு. எல்லாம் சேர்ந்து 50 மில்லியாம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவின் அளவு), 30 நாளில் 36 ஏஎச். நூறு ஏஎச் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. இறங்கிய நிலையிலேயே விட்டால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்படும். அதற்கு அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

இதுவரை சொன்னது இரண்டையும் சமமாகப் பாதிக்கும். ஒன்றை மட்டும் கொல்வது நடுவிலிருந்து எடுக்கும் ஒயர்தான். கேபினில் பாட்டுப்பெட்டி, சின்ன ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். இதற்காக இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் இடத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது, செலவும் இல்லை. ஆனால் சேஸிஸோடு நெகட்டிவ் சேர்ந்திருக்கும் பேட்டரி மட்டும் அந்த லோடையெல்லாம் சுமக்கிறது. டைனமோ பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டுமே. 28 வோல்ட் வந்துவிட்டால் அதற்குத் திருப்தி. அதில் ஒன்று 13.2-ல் அரைப்பட்டினி, மற்றது 14.8-ல் கொதிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒன்றில் சல்பேட் பிடிக்கும், மற்றதில் தண்ணீர் வற்றும். வண்டி ஓடும் வரை வெளியே தெரியாத இந்தக் குறை, நிறுத்தி வைத்ததும் தெரிந்துவிடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று மாட்டிவிட்டால் போதும். பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

"தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறோம் சார்" என்பவர்களுக்கு: டீசல்தான் போகும். பத்து நிமிட ஐடிலிங்கில், ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பலாம். மாதக்கணக்கில் இறங்கியதை நிரப்ப முடியாது. நிரம்பும் தறுவாயில் பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் எடுக்கும், அவசரப்படுத்தவும் முடியாது. ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் ஒரு மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள்.

சில நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். புகையைச் சுத்தமாக்க யூரியா திரவம் ஊற்றும் வண்டி என்றால் சாவியை எடுத்தவுடனே ஆஃப் செய்யக் கூடாது. குழாயில் மிச்சமிருக்கும் யூரியாவை பம்ப் திரும்ப இழுக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இன்னொன்று, ஜிபிஎஸ் ஒயரைப் பல இடங்களில் கட்-ஆஃபைத் தாண்டி நேராக பேட்டரியிலேயே கொடுத்திருப்பார்கள். அப்படியிருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். அதையும் கழற்றினால் பவர் கட் ஆனதாக உங்கள் போனுக்கு மெசேஜ் வரலாம். பதற வேண்டாம். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் ஃபுல், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே வந்தாலே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக 24.6 என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் தெரியாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 24 வோல்ட் சார்ஜரைத் தொடாதீர்கள். டைனமோ செய்த அதே தப்பை அதுவும் செய்யும். நடு கேபிளைக் கழற்றி, 12 வோல்ட் சார்ஜரில் ஒவ்வொன்றாக, நூறு ஏஎச்சுக்கு பத்து ஆம்பியர் அளவில் போடுங்கள். நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜராக இருக்கட்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் ஆசிட் வாசனைதான் வரும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

யார்டில் கரன்ட் இல்லையென்றால் கேபின் மேல் 20 வாட் சோலார் பேனலை 24 வோல்ட் கன்ட்ரோலரோடு வைக்கலாம். நல்ல வெயிலில் நாளுக்கு மூன்று ஏஎச் அளவுக்குத் தரும், சின்ன இழுப்புகளுக்கு அது போதும். மரத்தடியில் நிறுத்தினால் பயனில்லை.

எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். வெந்நீரில் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுங்கள். மேல்மூடி ஈரமும் அழுக்குமாக இருந்தால் அதன் வழியாகவே கரன்ட் கசியும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில் வாட்டர் மட்டும்தான், போர் தண்ணீர் கூடவே கூடாது. பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்களே, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

ஒன்று உண்மையிலேயே போய்விட்டால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே ஏஎச். பழசோடு புதுசைக் கட்டினால் மேலே சொன்ன கதைதான் மறுபடி நடக்கும். கழற்றிய நல்லதை லோடு டெஸ்ட் செய்து (கரன்ட் இழுக்கவிட்டு வோல்ட் தாங்குகிறதா என்று பார்த்து), 12 வோல்ட் வண்டி இருந்தால் அதில் போடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் மாட்டாதீர்கள். ஸ்டார்ட்டிங் பேட்டரியின் மெல்லிய தட்டு, தினமும் ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்காது.