இன்டென்சர்: பல்லில் பிறந்த பத்திரம்

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிலோ வர்ஜீனியாவிலோ ஒரு விவசாயி பக்கத்து நிலத்துக்காரருக்கு வயலை விற்றால், பத்திரம் பெரும்பாலும் ‘இந்த இன்டென்சர்’ என்றே தொடங்கும். அந்த இரண்டு சொற்களை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுவது வழக்கம்.

லத்தீனில் ‘டென்ஸ்’ என்றால் பல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பல் பல்லாக வெட்டியது என்று பொருள். இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். வெட்டும் இடத்தில் ஒரு சொல்லை எழுதி, எழுத்துகளின் குறுக்கே கத்தியை ஓட்டுவதும் உண்டு. தகராறு வந்தால் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும், போலி மாட்டிக்கொள்ளும். ஒருவர் மட்டும் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு இந்த வேலை தேவையில்லை. அதன் விளிம்பை நேராகவே வெட்டினார்கள். பெயர் ‘டீட் போல்’.

அமெரிக்காவுக்கு வந்தபோது பல்லுக்கு வேலை குறைந்துவிட்டது. மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1640-லேயே நில விற்பனையைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் போட்டது. மற்ற இடங்களிலும் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) எழுத்தர் பத்திரத்தை வரிக்கு வரி தடித்த புத்தகத்தில் படியெடுத்து வைத்தார். சாட்சி அந்தப் புத்தகத்துக்கு மாறிய பிறகு, மேல்விளிம்பில் பெயருக்கு ஓர் அலை வெட்டு மட்டும் இருக்கும், பல பத்திரங்களில் அதுவும் இருக்காது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

உள்ளே விலை, விற்பவர் மனைவியின் உரிமை விடுப்பு எல்லாம் வரும். ரசமான பகுதி எல்லை விவரம்தான். ‘வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, அங்கிருந்து வடக்கே இத்தனை போல், ஓடை வரை, பிறகு இன்னாருடைய வேலியை ஒட்டி…’ என்று போகும். இந்தப் ‘போல்’ ஒரு நீள அளவு, பதினாறரை அடி; ‘டீட் போலு’க்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு போல் சேர்ந்தால் 66 அடிச் சர்வே சங்கிலி. மரம் விழுந்தால், ஓடை திசை மாறினால் வம்புதான். ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் 1808-இல் கென்டக்கியில் 200 டாலருக்கு வாங்கிய பண்ணையிலும் அப்படி ஓர் எல்லை ஓக் நின்றது. 1805 சர்வேயில் குறிக்கப்பட்ட அந்த மரம் 1976 வரை உயிரோடு இருந்தது. ஆனால் நிலம் தாமஸிடம் நிலைக்கவில்லை, உரிமை வழக்கில் போய்விட்டது. 1816-இல் குடும்பம் இண்டியானாவுக்குப் போனதற்கு முக்கியக் காரணம் கென்டக்கியின் பட்டாக் குழப்பமே என்று மகன் பிற்பாடு எழுதினார்.

இதே சொல் ஆள் பிடிக்கவும் பயன்பட்டது. கப்பல் கூலிக்குப் பதில் சில ஆண்டுகள் உழைப்பதாகக் கையெழுத்திட்டு அமெரிக்கா போன ஏழை ஐரோப்பியர்களின் பத்திரமும் இன்டென்சர்தான். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களைக் கட்டியதும் அந்த வகைத் தாளே.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒப்பந்தப் பத்திரம்’ என்பது கூலி விஷயத்துக்குப் பொருந்தும். நில விற்பனைக்குக் ‘கிரயப் பத்திரம்’ என்றால் பத்திர எழுத்தர் முதல் எல்லோருக்கும் புரியும், இலங்கையில் ‘உறுதி’. ஆனால் இரண்டு துண்டு என்ற கருத்து இவற்றில் வராது. ‘நகல்’ என்பதும் தப்பு. ‘நீ என் அடிமை’ என்று ஓலையோடு வந்த கிழவரிடம் (சிவன்தான்) சுந்தரர் பிடுங்கிக் கிழித்தது படியோலை, மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. இன்டென்சரிலோ இரண்டுமே மூலம்.

எனக்குப் பிடித்தது ‘முறி’. துண்டு, ஆவணம் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு; இலங்கையின் ‘திறைசேரி முறி’யில் இன்றும் புழங்குகிறது. ‘பல்முறி’ என்றால் பல் உடைந்த கதை போல இருக்கும். வரலாறு எழுதுகிறவர்கள் ‘இணைமுறி’ என்று எழுதலாம். அமெரிக்கப் பத்திரம் ஒன்றை முழுதாக மொழிபெயர்க்கிறவர்கள் ‘கிரயப் பத்திரம்’ என்றே போடட்டும்.