பிடிலுக்குள் ஒரு பேக்பைப்

அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் காப்லண்டின் ‘ரோடியோ’ என்ற பாலே நடனத்தில் வரும் ‘ஹோடவுன்’ பகுதி அவருடைய சொந்த மெட்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முக்கிய மெட்டு அவருடையதல்ல. 1937இல் கென்டக்கியின் சேலியர்ஸ்வில்லில் பில் ஸ்டெப் என்பவர் பிடிலில் வாசித்த ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ (நெப்போலியன் போனபார்ட்டின் பின்வாங்கல்) அது. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அதை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகத் தட்டில் பதிவு செய்தார். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். அப்போதும் ஒரு பிடில்காரரைப் பதிவு செய்யப் பணம் ஒதுக்கினார்கள். நம்மூரில் இதற்கு நிதி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர் அந்தத் தட்டைக் கேட்டு எழுதிய ஸ்வரக்குறிப்பு 1941இல் அச்சானது. மறுவருடமே அந்த மெட்டோடு காப்லண்டின் பாலே மேடையேறியது.

சரி, ஸ்டெப்புக்கு அது எங்கிருந்து வந்தது? அவருக்கு முன்னால் வாசித்தவர்களிடமிருந்து, காதுவழியாக. பலர் மெதுவான அணிவகுப்பு நடையில் வாசித்ததை அவர் தடதடவென்று ஓட்டினார். பெயரில் நெப்போலியன் இருக்கிறாரே என்று, அவர் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய 1812ஐ மெட்டின் பிறந்த வருடமாக்க முடியாது. பழைய மெட்டுக்குப் புதுப்பெயர் சூட்டுவது பிடில்காரர்களுக்குச் சகஜம். என்னைக் கேட்டால், பெயரைவிடச் சுருதிதான் சுவாரசியமான சாட்சி.

பிடிலின் நான்கு தந்திகள், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், வழக்கமாக ஜி, டி, ஏ, ஈ. இந்த மெட்டுக்கு ஓரத்துத் தந்திகள் இரண்டையும் இறக்கி டி, டி, ஏ, டி என்று சேர்ப்பார்கள். தடித்த தந்தி 196 ஹெர்ட்ஸிலிருந்து 147க்கு வருகிறது. அதிர்வெண் முக்கால் பங்கானால் இழுவிசை அதன் வர்க்கம், அதாவது பதினாறில் ஒன்பது பங்கு. தொளதொளத்த தந்தி வில் பட்டதும் அகலமாக ஆடி உறுமுகிறது.

அழகே இனிமேல்தான். அந்தத் தந்தி 147ஐ மட்டும் ஒலிப்பதில்லை. 294, 440, 587 என்று அதன் மடங்குகளும் கூடவே பிறக்கின்றன. மற்ற மூன்று தந்திகளின் அதிர்வெண்களும் அவைதான்! தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக அதிர்வு ஏறி, வில் தொடாத தந்திகளும் தாமாகப் பாட ஆரம்பிக்கின்றன. பள்ளியில் சோனோமீட்டர் கம்பிமேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழுமே, அதே ஒத்ததிர்வு. மெட்டு மேலே ஓட, கீழே டி விடாமல் ரீங்கரிக்கிறது. காற்றுப்பையோடு ஊதும் பேக்பைப் வாத்தியத்தின் சுருதிக்குழல் செய்வதும் இதைத்தான். அதற்காக மெட்டே பேக்பைப்பிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்த நாதத்தின் மேல் வாசித்தவர்களுக்கு ஆசை இருந்தது, அவ்வளவுதான் தெரிகிறது.

ஸ்டெப் வாழ்ந்த கென்டக்கி மலைப்பகுதிகளில் பிடிலைச் சாத்தானின் பெட்டி என்று ஒதுக்கிய பக்தர்கள் உண்டு. பிடிலுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால்நுனியைப் போட்டுவைத்தால் நாதம் கூடும் என்று நம்பிய வித்வான்களும் உண்டு. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்பி வந்த நாதத்துக்குப் பாம்புக்கா பெயர்?