நட்டைச் சுற்றி ஒரு துருக்கோடு

பழக்கப்பட்ட லாரி மெக்கானிக் டிரெய்லர் சக்கரத்தருகே குந்தியதும் வீல் நட்டுகளைச் சுற்றித்தான் முதலில் பார்ப்பார். நட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் செம்பழுப்பில் ஒரு கோடு ஓடியிருந்தால், அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார். சக்கரத் தட்டு நட்டோடு உரசி, இரும்புத் தூள் உதிர்ந்து துருவாகி வழிந்த தடம் அது.

பாரத்தை ஸ்டட்டுகள், அதாவது நட்டு மாட்டும் மரையாணிகள், நேராகத் தாங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றின் வேலை, சக்கரத் தட்டை ஹப்போடு, அதாவது அச்சு முனையில் சுழலும் குடத்தோடு, இறுக்கிப் பிடிப்பது. அந்த இறுக்கத்தால் பிறக்கும் உராய்வுதான் பாரத்தைக் கடத்துகிறது. இடையில் தடித்த பெயின்டோ துருவோ இருந்தால் ஓட ஓட அது நசுங்கும், இறுக்கம் குறையும். சக்கரம் மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்வது இதனால்தான்.

அளவு மீறிய பாரம் செய்யும் கெடுதல் பெரும்பாலும் உடனே தெரியாது. கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆவதில்லை, திரும்பத் திரும்ப வளைத்தால் படக்கென்று உடைகிறது. சக்கரத் தட்டுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளைவு. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள லாரி டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 300 முறை சுற்றும். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வளைவுகளுக்கு மேல்! வெல்டு வைத்த எஃகில், உள்ளே ஏறும் தகைவின் (ஒரு சதுர அளவில் விழும் விசையின்) மூன்றாம் படிக்கு ஏற்ப ஆயுள் குறைவதாகக் கணக்கிடுவார்கள். தகைவு 20 சதவீதம் கூடினால் ஆயுளில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஸ்டட் துளை, காற்றுத் துளை, வெல்டு ஆகியவற்றின் ஓரங்களில்தான் மயிரிழை விரிசல் தொடங்கும்.

எடை மேடை காட்டும் மொத்த எடையை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இழுவைக் கொக்கி. டிரெய்லர் அதன்மேல் 300 கிலோ அழுத்தினால் பின் அச்சில் கூடுவது 400 கிலோ. மீதி 100 கிலோ எங்கிருந்து வந்தது? நெம்புகோல் போல முன் சக்கரங்களைத் தூக்கியதால். ஸ்டீயரிங் லேசாகிறது, முன் பிரேக்கின் பிடி குறைகிறது. சரி, சரக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடலாமா? சாதாரணக் கொக்கி டிரெய்லரில் கொக்கியின் மேல் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

லாரி டயரின் பக்கவாட்டில் 146/143 என்று இருப்பதைக் கவனித்திருக்கலாம். ஒற்றையாக மாட்டினால் 3000 கிலோ, ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 2725 கிலோ தாங்கும் என்று பொருள். ஜோடியில் ஏன் குறைவு? ஒரு டயரில் காற்று குறைந்தாலும், சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும், பக்கத்து டயர் தன் பங்குக்கு மேல் சுமக்க நேரும். இது டயரின் எல்லை மட்டுமே. ரிம்முக்கும் அச்சுக்கும் தனித்தனி எல்லை உண்டு. அவற்றில் எது குறைவோ, அதுவே அந்தச் சக்கரத்தின் எல்லை.