ஒவ்வொரு கோடும் ஒரு கருதுகோள்

“சிரைக்குள் குழாய் செலுத்துமுன் கைகழுவ வேண்டும் என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும், அதற்கு எதற்கு ஒரு வரைபடம்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெரிந்தது ஏன் நடப்பதில்லை என்று தேடுவதற்காகவே உந்துகாரணி வரைபடம் வரையப்படுகிறது. மருத்துவமனைகளில் இதை டிரைவர் டயகிராம் என்பார்கள்.

இடது ஓரத்தில் இலக்கு இருக்கும். “தொற்றைக் குறைப்போம்” என்று எழுதினால் போதாது. எந்தப் பிரிவில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பது வேண்டும். அடுத்து இலக்கை நேரடியாகப் பாதிக்கும் முதன்மைக் காரணிகள், பின்னர் அவற்றை இயக்கும் துணைக் காரணிகள், வலது ஓரத்தில் மாற்றத்துக்கான யோசனைகள். இதுவரை பள்ளியில் வரைந்த கிளைப்படம்தான்.

அழகு, கட்டங்களை இணைக்கும் கோடுகளில் இருக்கிறது. விரிப்புகள், கையுறைகள், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி அனைத்தையும் ஒரே தள்ளுவண்டியில் வைப்போம் என்பது ஒரு யோசனை. அதிலிருந்து ‘முழுப் பாதுகாப்புடன் குழாய் செலுத்துதல்’ என்ற காரணிக்கு ஒரு கோடு போகிறது. நோயாளியை முழுவதும் மூடும் விரிப்பை மருத்துவர் விட்டுவிடுவது அது வேறு அறையில் இருப்பதால்தான் என்று அந்தக் கோடு அனுமானிக்கிறது. வண்டி வந்தபின் விரிப்பின் பயன்பாடு கூடியதா என்று எண்ணிப் பார்த்தால் அனுமானம் சரியா என்பது தெரிந்துவிடும். பயன்பாடு கூடியும் தொற்று குறையவில்லை என்றால், இலக்கை நோக்கிச் செல்லும் அடுத்த கோட்டைச் சந்தேகிக்க வேண்டும்: கிருமி நுழைவது குழாயைச் செலுத்தும்போது அல்லாமல், பிறகு நாள்தோறும் அதன் முனையைத் திறந்து மருந்து ஏற்றும்போதாக இருக்கலாம். மின்சுற்றில் இணைப்பு அறுந்த இடத்தைப் படிப்படியாகத் தேடுவது போன்ற வேலை இது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. கைகழுவுதல், முழுப் பாதுகாப்பு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தே நடைமுறைகள். 1000 குழாய்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதங்களில் சுழியமானது. இவற்றில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. புதிய மூலக்கூறுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கும் நிதியாளர்கள் இத்தகைய ஆய்வுகளை இரண்டாந்தரமாகக் கருதுவது எனக்கு விளங்காத மனப்பான்மை. “குழாய் போட்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும்” என்ற விதிவாதத்தை இதுபோன்ற எண்ணிக்கைகளே உடைத்தன.

வண்டியையும் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு ஷிப்டில், ஒரு மருத்துவருடன், ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம். விரிப்பு அடித்தட்டில் சிக்கிக்கொண்டால், மறுநாள் அதை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு மீண்டும் எண்ணலாம்.