உருண்டை வீங்கினால் மருந்து உண்டு

மலக்குடலிலிருந்து ஒரு துணுக்குத் திசுவைக் கிள்ளி எடுக்கிறார்கள். அதிலுள்ள குருத்தணுக்களை (பெருகிப் பிற செல்களாக மாறவல்ல மூலச் செல்களை) ஜெல்லித் துளிக்குள் வைத்து, வளர்ச்சிப் புரதங்கள் கலந்த திரவத்தை ஊற்றினால், சில நாட்களில் மில்லிமீட்டரைவிடச் சிறிய, உள்ளே வெற்றிடம் கொண்ட உருண்டைகள் முளைக்கின்றன. அவற்றின் சுவர் குடலின் உட்சுவரேதான். ஆர்கனாய்டு எனப்படும் இந்தக் குறு உறுப்பை, 2009இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக் குழு எலியின் ஒரே குருத்தணுவிலிருந்து வளர்த்துக் காட்டியது. மனிதக் குடலும் விரைவிலேயே வசப்பட்டது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில்தான் இதன் அருமை தெரிகிறது. செல்லிலிருந்து குளோரைடு என்ற உப்புக் கூறை வெளியேற்றும் வாசல் பழுதாவதால் நுரையீரலில் சளி இறுகிவிடும் நோய் இது. நலமானவரின் குடல் உருண்டையில் ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த வாசல் திறக்கும். குளோரைடு உள்வெளிக்குள் பாய, தண்ணீரும் பின்தொடரும். ஒரு மணி நேரத்தில் உருண்டை உப்பிவிடும். நோயாளியின் உருண்டை அசையாது. மருந்து சேர்த்தபின் அதுவும் வீங்கினால், அந்த மருந்து அவருக்குப் பலன் தர வாய்ப்புண்டு. விரல்விட்டு எண்ணத்தக்க பேருக்கே உள்ள மரபணுப் பிறழ்வுகளுக்குப் பெரிய மருத்துவப் பரிசோதனை நடத்த ஆள் கிடைக்காது. அவர்களுக்கு இந்த உருண்டைதான் சாட்சி.

2013இல் வியன்னாவில் மூளை ஆர்கனாய்டு வளர்ந்ததிலிருந்து, அது சிந்திக்குமா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ரத்தக் குழாய் இல்லாமல் சில மில்லிமீட்டரோடு நின்றுபோகும் திசு அது. அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கலாம். குடல் உருண்டை எழுப்பும் கேள்விகள் இப்போதே வாசலில் நிற்கின்றன.

கிள்ளிய துணுக்கு உறைநிலையில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், பெருகும், மருந்து நிறுவனங்களுக்கும் போகும். கொடுத்தவர் ஒருமுறை போட்ட கையெழுத்து எதுவரை செல்லும்? 1951இல் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியிடம் கேட்காமலே எடுத்த புற்றுநோய்ச் செல்களுக்காக அவருடைய குடும்பம் ஒரு நிறுவனத்தோடு சமரசம் கண்டது 2023இல்தான்.

அதே ஆண்டு இந்தியாவும் விதிகளைத் திருத்தி, புதிய மருந்துச் சோதனைகளில் விலங்குகளுக்கு மாற்றாக ஆர்கனாய்டுகளுக்கு இடம் தந்தது. விலங்குகளை விட்டுவிட்டோம் என்று அதற்குள் மார்தட்ட வேண்டாம்; உருண்டை வளர்க்க வழக்கமாகப் பயன்படும் ஜெல்லியே எலியின் கட்டியிலிருந்து எடுப்பது.

பிறகு பணம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான இவாகாஃப்டர் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். வீங்கிய உருண்டையைக் காட்டி நோயாளி மருந்து கேட்கலாம். வீங்காததைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் செய்யலாம், நுரையீரலில் நடப்பதையெல்லாம் குடல் துணுக்கு சொல்லிவிடாது என்று தெரிந்தே.